வினாவுக்கு விடை வசையோ?

2012 ஆம் ஆண்டு யூலை 8 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வெளிவந்த 'சண்டே லீடர்' என்னும் ஆங்கில வார இதழ், தன் ஆசிரியருக்கும் அக்காலப் பாதுகாப்புச் செயலாளருக்குமிடையே தொலைபேசியில் நிகழ்ந்த உரையாடலை அச்சிற் பதித்தது. ஆசிரியர் பிரெடரிக்கா ஜான்ஸ். செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ. அன்றைய ஜனாதிபதியின் உடன்பிறந்தவர். செயலாளரின் துணைவியாருக்காகச் சுவிற்சர்லாந்திலிருந்து நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவரும் பொருட்டு, தேசிய விமான நிறுவனத்தின் விமான ஏற்பாடு மாற்றப்படுகின்றதா என்பதே கேட்கப்பட்ட வினா. ஆம் என்றோ இல்லை என்றோ இரண்டு சொற்களில் முடிந்திருக்கக்கூடிய விடை, பத்திரிகை அச்சிட்டபடி, வசைமாரியாய் முடிந்தது. மலந்தின்னும் பன்றிகளுக்குப் பத்திரிகையாளர் ஒப்பிடப்பட்டனர். மக்கள் அவ்வாசிரியரை வெறுக்கின்றனர் என்றும், அவர்கள் அவரைக் கொல்வர் என்றும் கூறப்பட்டது. அச்சிலேற்ற இயலாத சொற்களும் அச்சிலேறின.

இந்த இதழின் தாபக ஆசிரியரான லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 ஆம் திகதி பட்டப்பகலிற் கொழும்பின் புறநகரில் வீதியில் வைத்துக் கொல்லப்பட்டார் என்பதையும், அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதையும் மனங்கொண்டு வாசிப்பார்க்கே அத்தொலைபேசி உரையாடலின் முழுப்பொருளும் புலப்படும். இறந்தவரின் நாற்காலியில் அமர்ந்திருந்த ஒருவரை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்கள் அவை. பத்திரிகைச் சுதந்திரத்துக்கான சர்வதேச அமைப்புகள் கண்டனம் தெரிவித்தன. கொழும்பில் சில நாள்கள் பரபரப்பு நிலவியது. பின்னர் அது அடங்கிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் பத்திரிகை கைமாறியது. புதிய உரிமையாளரின் கீழ் ஆசிரியர் பதவி நீக்கப்பட்டார்; நாட்டை விட்டும் வெளியேறினார். வசை மொழிந்தவர்மீது எவ்வித விசாரணையும் நடைபெற்றதாகத் தெரியவில்லை. ஏழாண்டுகள் கழித்து, 2019 நவம்பரில், அவர் நாட்டின் ஜனாதிபதியானார்.

அக்காலத்தில் அவர் வாக்குப் பெற்ற அரசியல்வாதியல்லர், அரச உத்தியோகத்தரே என்று நுணுகி வாதிடுவாரும் உளர். அவ்வாதம் அவருக்குத் துணை செய்வதன்று. மக்கள் வரிப்பணத்திற் சம்பளம் பெறும் ஊழியன் ஒருவன் பொதுச்சொத்தைப் பற்றிய வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவன். அரசியல்வாதியினும் ஒருபடி கூடுதலாகவே கடமைப்பட்டவன்.

சர்ச்சை எழுந்த நாள்களில் அவர் சார்பில் மூன்று சமாதானங்கள் முன்வைக்கப்பட்டன. கோபத்தில் வாய் தவறிவிட்டது என்பது ஒன்று. அற்பமான ஒரு நாய்க்குட்டி விவகாரத்தைப் பெரிதுபடுத்திப் பத்திரிகையே வம்புக்கிழுத்தது என்பது மற்றொன்று. போரை முடித்து நாட்டை மீட்ட ஒருவரின் நாவைப் பற்றி யார் கவலைப்படவேண்டும் என்பது மூன்றாவது. மூன்றாவதே உண்மையானது, முன்னைய இரண்டும் அதற்குப் போர்த்திய துணிகள். கோபம் என்பது யாவர்க்கும் பொது. எனினும் அமைச்சரின் கோபம் ஜனாதிபதியை நோக்கித் தவறுவதில்லை. உத்தியோகத்தரின் கோபம் வெளிநாட்டுத் தூதுவரை நோக்கித் தவறுவதில்லை. கீழ்நோக்கி மட்டுமே வாய் தவறுகின்றதெனின் அதனைத் தவறுதல் என்று கூறலாமா? நாய்க்குட்டி அற்பமாயின் விடை அதனினும் எளிதாய் இருந்திருக்க வேண்டும்.

இந்த விவகாரத்தைக் கொழும்பு மேட்டுக்குடியினர் ஆங்கிலத்தில் நடாத்திய சண்டையெனச் சப்பிரகமுவத் தோட்டங்கள் ஒதுக்கிவிடும் என்று எண்ணுதல் பிழை. ஆங்கிலம் விளங்காவிடினும் அவ்வுரையாடலின் இலக்கணம் இறக்குவானையிலும் காவத்தையிலும் எட்டியாந்தோட்டையிலும் வாழும் தொழிலாளிக்குப் புதியதன்று. அதிகாலையிற் பெரட்டுக்களத்தில் நிற்கும் பெண் அதனைப் பாலபாடமாகக் கற்றிருக்கின்றாள்.

பெரட்டுக்களத்தில் நிகழ்வதென்ன? முதல்நாள் பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தது என்று கூறி அவளுக்கு அரைப்பேர் விழுந்திருக்கும். தராசில் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, ஏன் கழிக்கப்பட்டது என்று அவள் கேட்பாள். அவ்வினா கணக்கியல் சார்ந்தது; செக்குரோலைப் புரட்டினால் விடை கிடைக்கும். ஆயின் செக்குரோல் புரட்டப்படுவதில்லை. அவளுடைய நடத்தையைப் பற்றியும் தாயைப் பற்றியும் சாதியைப் பற்றியும் ஒரு சொல் வந்து விழும். சுற்றி நிற்போர் சிரிப்பர். அன்றேல் சிரிக்கும்படி எதிர்பார்க்கப்படுவர். அடுத்த நாள் அவளுக்கு மேட்டுமலையில், கொழுந்தில்லாத நிரை கொடுக்கப்படும். வினா, வசை, தண்டனை என இவ்வொழுங்கு மாறாது நிகழ்வதைக் காண்பவர், வசையைக் கோபத்தின் விளைவென்று கருதமாட்டார். கணக்குக் கேட்டவளைக் கணக்குக்கு வெளியே தள்ளிவைக்கும் கருவி அது. வினா அதன் பின்னர் எவருக்கும் நினைவிருப்பதில்லை. அவள் 'வாய்க்காரி' என்பது மட்டுமே நினைவில் நிற்கின்றது.

விமானம் பற்றி வினவிய ஆசிரியருக்கு நேர்ந்ததும் இதுவே. முதலில் வினா, பின்னர் வசை, ஈற்றில் வேலைநீக்கம். தலைநகரின் ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியரும் தோட்டத்துக் கொழுந்துக்காரியும் வகுப்பால் வெவ்வேறு உலகத்தவர். முன்னவர் நாட்டை விட்டு வெளியேறும் வழியேனும் உடையவர். பின்னவளுக்கு லயத்தை விட்டு வெளியேறவும் வழியில்லை. இவ்வேற்றுமையை மறைத்து இருவரையும் ஒன்றெனக் கூறுதல் போலியான சகோதரத்துவமாகும். எனினும் இருவரும் பெண்கள் என்பதும், கேட்டது கணக்கு என்பதும், பெற்றது பிறப்பையும் உடலையும் குறித்த இழிசொல் என்பதும் தற்செயலல்ல. கடல் கடந்த வல்லரசிலும் இதுவே நியதி. 2025 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், விமானத்தில் வைத்து வினாத் தொடுத்த பெண் செய்தியாளர் ஒருவரைப் பன்றிக்குட்டி என விளித்து வாய்மூடச் சொன்னார். கொழும்பிலும் வொஷிங்டனிலும் வினவிய பெண்ணை நோக்கி வந்தது அதே மிருகந்தான். வசை மொழிவாரின் கற்பனை வளம் அவ்வளவே.

விளித்தல் என்பதைப் பற்றியும் இங்குச் சிறிது கூறல் வேண்டும். ஆங்கிலத்தில் இழிசொல் தனிச்சொல்லாய் வரவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் அது தேவையில்லை. முன்னிலைப் பெயரே போதும். துரைக்கு 'தொரைங்க', கணக்கப்பிள்ளைக்கு 'ஐயா', தொழிலாளிக்கு 'டா' அல்லது 'டி'. சிங்களத்தில் வரும் உத்தரவெனின் 'தோ' அல்லது 'உம்ப'. போகச் சொல்வதற்குப் 'பலயன்'. அறுபது வயதுத் தொழிலாளியை இருபத்தைந்து வயதுச் சின்னத்துரை ஒருமையில் அழைக்கும் வழக்கம் வெள்ளையரோடு கப்பலேறிவிடவில்லை; 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான போதும், 1990களில் கம்பனிகளிடம் முகாமை கையளிக்கப்பட்ட போதும் அது கைமாறாது நின்றது. இந்த ஒருமையிற் பழகிய காதுக்கு, வாக்குக் கேட்டு வரும் அரசியல்வாதியின் ஒருமை உறைப்பதில்லை. பத்திரிகை நிருபரை அவர் ஒருமையில் விரட்டும்போது அதில் அதிசயம் தோன்றுவதுமில்லை. மலையகத்தின் தொழிற்சங்கத் தலைவர்கள் இவ்விடயத்தில் விதிவிலக்கானவர்கள் என்று எழுத இயலுமாயின் நன்று, இயலவில்லை. நிருபரின் வினாவைத் துரோகம் என்றும், அவர் பிற சங்கத்திடம் காசு வாங்கியவர் என்றும் மேடையிற் கூறும் பழக்கம் அவர்களிடத்தும் உண்டு.

வசை வெறுஞ்சொல், எலும்பை முறிப்பதன்று என்பார் சப்பிரகமுவவின் வரலாற்றை அறியாதவர். 1981 யூலையில் எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கத்துக்கு எதிராகவே நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்னும் விநோதமான பிரேரணையொன்று பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தில் இரத்தினபுரியின் பாராளுமன்ற உறுப்பினர் ஜி. வி. புஞ்சிநிலமே எழுந்து, தமிழ்த் தலைவர்களுக்கு உரிய தண்டனைகள் யாவை எனச் சக உறுப்பினர்கள் கூறியவற்றைத் தொகுத்துரைத்தார்: இரண்டு கமுக மரங்களை வளைத்து ஆளுக்கொரு காலாகக் கட்டி உடலைக் கிழித்தல், கழுவேற்றல், காலிமுகத் திடலில் நிறுத்திச் சுடுதல். இவை தெருச்சண்டையிற் பிறந்த சொற்களல்ல, ஹன்சாட்டிற் பதிவானவை. அடுத்த மாதம், ஓகஸ்டில், அவருடைய மாவட்டத்தின் தோட்டங்களிலேயே தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டனர். லயங்கள் எரிந்தன, குடும்பங்கள் காடுகளிற் பதுங்கின, பலர் மூட்டை முடிச்சுடன் வவுனியாவை நோக்கி நடந்தனர். தனிநாட்டுக் கோரிக்கைக்கும் காவத்தையின் பால்வெட்டுத் தொழிலாளிக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. அமிர்தலிங்கம் கைக்கெட்டாதவர், தொழிலாளி எட்டினான்.

சபையிற் பேசப்பட்ட சொல்லே லயத்துக்குத் தீ மூட்டியது என ஒரே மூச்சிற் கூறுதல் வரலாற்று நெறிக்கு ஒவ்வாது. நிலப்பசியும் வேலையின்மையும் உள்ளூர்ச் சண்டியரின் செல்வாக்கும் அதிற் பங்கு வகித்தன. எனினும் தீ மூட்ட வந்தவனுக்குத் தன்னைப் பொலிஸார் தடுக்கமாட்டார் என்னும் துணிவை எது கொடுத்தது? தன் தொகுதியின் உறுப்பினர் அச்சபையில் அவ்வாறு பேசி, அதற்காகக் கண்டிக்கப்படாமலும் இருந்தார் என்ற செய்தி அத்துணிவுக்குச் சிறிதும் உதவவில்லை என எவர் கூறுவார்? 'கள்ளத்தோணி' என்னும் சொல்லும் இவ்வாறே முதலில் மேடையிற் சிரிப்புக்காகச் சொல்லப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய போது, அச்சட்டத்தின் நியாயத்தைச் சாதாரண மக்களுக்கு விளக்கப் பந்திகள் தேவைப்படவில்லை. அந்த ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது.

வசைக்கு இந்நாட்டில் தண்டனை இல்லை என்பதோடு விடயம் முடிவதில்லை, பரிசும் உண்டு. 2007 டிசெம்பர் 27 ஆம் திகதி பிரதி அமைச்சர் மேர்வின் சில்வா தம் ஆட்களுடன் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்துள் நுழைந்தார். மாத்தறையில் தாம் ஆற்றிய உரை ஒளிபரப்பப்படவில்லை என்பது அவர் குறை. செய்திப் பணிப்பாளர் தாக்கப்பட்டார். ஊழியர் ஒன்றுதிரண்டு அமைச்சரை வெளியேறவிடாது முற்றுகையிட்டதையும், சிவப்பு மை படிந்தவராய் அவர் வெளியே கொண்டு செல்லப்பட்டதையும் நாடே தொலைக்காட்சியில் நேரடியாகக் கண்டது. தொழிலாளர் ஒற்றுமையின் ஆற்றலுக்கு அந்நாள் நல்லதோர் உதாரணம். ஆயின் அடுத்த மாதங்களில் அக்கூட்டுத்தாபன ஊழியர் சிலர் தனித்தனியே தாக்கப்பட்டனர். அமைச்சருக்கோ 2010 ஏப்ரலில் புதிய பதவி வழங்கப்பட்டது. எந்தத் துறையில் எனின், வெகுசன ஊடகத் துறையில்! சில வாரங்களில் அவர் வேறு துறைக்கு மாற்றப்பட்டார் என்பது உண்மையே. 2012 மார்ச்சில், தாக்கப்பட்டு நாட்டை விட்டுச் சென்ற பத்திரிகையாளர் பொத்தல ஜயந்தவைத் துரத்தியவர் தாமே எனப் பகிரங்கமாகப் பெருமை பேசியவரும் அவரே.

இவற்றையெல்லாம் மக்கள் அறியாதிருந்தனரா? அறிந்திருந்தனர். 2019 ஜனாதிபதித் தேர்தலில் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் கோட்டாபய ராஜபக்ஷவே முன்னணியில் நின்றார். ஏழாண்டுகளுக்கு முன் அச்சான அவ்வுரையாடல் அவருக்கு வாக்குகளை இழப்பித்ததாகக் கூற இயலாது. சிலருக்கேனும் அது வாக்குகளைச் சேர்க்கும் தகைமையாகவே தோன்றிற்று. கடுஞ்சொல்லை உறுதி என்றும், விடையிறுக்க மறுத்தலைச் செயல்திறன் என்றும் மயங்கினர். கணக்குக் கேட்பாரைப் பன்றியென்ற ஆட்சியில், 2021 இல் இரசாயன உரம் ஓரிரவில் தடைசெய்யப்பட்டபோது, அதன் விளைவு யாதாகும் என விவசாய அறிஞர் கேட்ட வினாவும் செவிமடுக்கப்படவில்லை. தேயிலைச் செடி மஞ்சளித்தது, கொழுந்து குறைந்தது, கொழுந்து குறையவே அரைப்பேர் கூடிற்று. 2022 யூலை 9 ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகையுட் புகுந்தனர். சில நாள்களில் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அப்பத்திரிகை அவ்வுரையாடலை வெளியிட்டுப் பத்தாண்டுகளும் ஒரு நாளும் அன்று நிறைந்திருந்தன.

அயல்நாடான தமிழகத்திலும் நிலைமை உயர்ந்ததன்று. 2018 ஏப்ரலில் ஆளுநர் ஒருவர் வினாக் கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தைத் தட்டினார். சர்ச்சை எழவே மன்னிப்புக் கோரினார். அதனைத் தொடர்ந்து பெண் செய்தியாளரை இழிவுபடுத்தும் முகநூற் பதிவொன்றைப் பகிர்ந்த நடிகரும் அரசியல்வாதியுமான எஸ். வி. சேகருக்கு 2024 பெப்ரவரியில் நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஆறாண்டு தாமதம் என நகைக்கலாம். எனினும் வழக்கென ஒன்று நடந்தது, ஈழத்தில் அதுவுமில்லை.

குற்றத்தை அரசியல்வாதிமீதும் துரைமீதும் மட்டும் சுமத்திவிட்டு அமைதியடைதல் கல்வி கற்ற தமிழருக்கு வசதியானதே. 'தோட்டக்காட்டான்' என்னும் சொல்லைச் சிங்கள அரசியல்வாதி புனைந்து தரவில்லை. அது தமிழ்ச்சொல், தமிழராற் படைக்கப்பட்டது, பல்கலைக்கழக விடுதிகளில் வேடிக்கை என்னும் பெயரில் இன்றும் உலவுவது. பத்திரிகையாளரை இழித்துரைத்த அமைச்சரைக் கண்டித்துத் துண்டுப்பிரசுரம் எழுதும் கையே, பலாங்கொடையிலிருந்தோ தெரணியகலையிலிருந்தோ வந்த சக மாணவனின் பேச்சு வழக்கைப் பரிகசித்து நடித்துக் காட்டவும் உயர்கின்றது. அமைச்சரின் வசைக்கும் இந்த வேடிக்கைக்கும் அளவில் வேறுபாடு உண்டு. நோக்கத்தில் உண்டா என்பதை அவ்விடுதிகளே விசாரித்தல் தகும். அச்சொல்லைக் கேட்ட மாணவன் அதன் பின்னர் விரிவுரையில் வினாக் கேட்க எழுவதில்லை என்பது மட்டும் உறுதி.

தோட்டத்துள் வினாக் கேட்டல் என்றுமே எளிதாயிருந்ததில்லை. 1920களில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' பத்திரிகை நடாத்தித் துரைமாரின் கொடுமைகளை எழுதிய காலத்தில், புடைவை வியாபாரியின் வேடத்திலேயே தோட்டங்களுள் நுழைந்தார் என மலையக வரலாற்றாசிரியர் கூறுவர். அத்துமீறிப் பிரவேசித்தல் என்னும் சட்டம் அன்று படலையிற் காவல் நின்றது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பாட்டாகவே செய்தியைக் கொண்டு சென்றார். ஏறத்தாழ நூறாண்டுகள் கடந்தும், தோட்டத்துள் நடந்ததை நேரிற் கண்டெழுத விரும்பும் செய்தியாளர் முகாமையின் அனுமதியை எதிர்நோக்கியே படலையில் நிற்கின்றார்.

சப்பிரகமுவவின் நிலை நுவரெலியாவினதினும் கடினமானது. இங்குத் தமிழர் தோட்டந்தோட்டமாகச் சிதறிச் சிங்களக் கிராமங்களின் நடுவே வாழ்பவர். வாக்குப்பலத்தால் அமைச்சரை அச்சுறுத்தும் தொகையினரல்லர். 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலிற் சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரியிலிருந்து தெரிவாகும் வரை, அம்மாவட்டத்தின் மலையகத் தமிழர் நெடுங்காலம் தமக்கெனப் பாராளுமன்றத்தில் ஒரு குரலின்றி இருந்தனர். குரலற்ற இடத்தில் உள்ளூர் அரசியல்வாதியே சட்டமாகின்றான். 2013 யூலையில் தெரணியகலை நூரித் தோட்டத்தின் அத்தியட்சகர் வெட்டிக் கொல்லப்பட்டபோது பிரதேச சபைத் தலைவரே கைதானார். பின்னர் மேல் நீதிமன்றம் அவருட்படப் பலருக்கு மரண தண்டனை விதித்தது. அக்கும்பலின் கீழ்த் தோட்ட மக்கள் எத்தகைய அச்சத்தில் வாழ்ந்தனர் என்ற விவரம் அக்கொலைக்குப் பின்னரே தலைநகர்ப் பத்திரிகைகளில் விரிவாக வெளிவந்தது. துரை ஒருவர் இறக்கும் வரை அது செய்தியாகவில்லை. இறந்தவரைக் குறை கூறுவதன்று இது. எவருடைய அச்சம் செய்தியாகத் தகும் என்பதைத் தீர்மானித்த மேசைகளைப் பற்றியது.

அம்மேசைகளுக்குச் செய்தி அனுப்பும் பிரதேச நிருபரின் வாழ்வை எண்ணிப் பார்க்கலாம். அவர் முழுநேர ஊழியரல்லர்; அச்சான செய்திக்கே கொடுப்பனவு. பத்திரிகைத் தலைமையகம் அவருக்கு வழக்கறிஞரையோ வாகனத்தையோ தரப்போவதில்லை. பிரதேச சபை உறுப்பினர் தொலைபேசியில் திட்டினால் அதனை அச்சிட்டு உலகறியச் செய்ய ஜான்ஸிடம் இருந்தது போன்ற முதற்பக்கம் அவரிடமில்லை. சர்வதேச அமைப்பின் கண்டன அறிக்கை அவருக்காக வெளிவருவதுமில்லை. குடிநீர்க் குழாய்க்கு ஒதுக்கிய பணம் எங்கே, மண்சரிவு அபாயமென அறிவிக்கப்பட்ட லயத்திலிருந்து மக்களை ஏன் அகற்றவில்லை என்று அவர் கேட்கும் வினாக்கள், 2016 மே மாதத்தில் புளத்கொஹுபிட்டிய களுப்பஹனத் தோட்டத்தில் மண் சரிந்து லயம் புதையுண்டது போன்ற ஒருநாளில் மட்டுமே பெருஞ்செய்தியாகின்றன. மற்றைய நாள்களில் அவை உட்பக்கத்தின் மூலையில், நான்கு வரிகளில் முடிகின்றன. அந்நான்கு வரிகளின் தொடக்கத்தில் அவருடைய பெயரும் இராது. அடைப்புக்குறிக்குள் 'இறக்குவானை நிருபர்' என்றோ 'எட்டியாந்தோட்டை நிருபர்' என்றோ ஊர்ப்பெயர் மட்டுமே அச்சாகும். பாதுகாப்பின் பொருட்டே அவ்வாறு செய்யப்படுகின்றது எனப் பத்திரிகையார் கூறுவர். அவர் யார் என்பது கொழும்பிலிருந்து வாசிப்பவனுக்குத்தான் தெரியாது. தோட்டத்துத் துரைக்கும் பிரதேச சபை உறுப்பினருக்கும் நன்றாகத் தெரியும்.